50 ரூபாய் பேட்டரியும் 14,500 ரூபாய் சாவியும்

இருபது வருஷமா சாவியை வெச்சுப் பொழைக்கிறவன் நான். தப்பா நினைச்சுடாதீங்க, பேங்க் ஆபீசர். ஸ்ட்ராங் ரூம் கதவுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட, இன்னொண்ணு கேஷ் பார்க்கிறவர்கிட்ட. ரெண்டு பேரும் சேர்ந்து நின்னாத்தான் கதவு திறக்கும். டூப்ளிகேட் செட்டை சீல் வெச்சு வேற பிராஞ்சுல கொண்டு போய் வெச்சுருப்போம். யார்கிட்டேர்ந்து யார்கிட்ட எந்தத் தேதி எத்தனை மணிக்குப் போச்சுன்னு ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கும். ஒரு சாவி எப்படி வேலை செய்யுது, அது தொலைஞ்சா என்ன பண்ணணும்னு சாவியை வெச்சிருக்கிறவனுக்குத் தெரியணும். தெரியாதவன் கையில சாவியைக் கொடுக்கவே மாட்டோம்.

அப்பேர்ப்பட்டவன் மூணு வருஷமா ஒரு கார் சாவியைப் பாக்கெட்டில போட்டுக்கிட்டு சுத்தியிருக்கேன், அதைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாம. இது முதல்ல என் மேலேயே இருக்கிற கோவம். மத்தவங்க மேல இருக்கிறது பின்னால வருது.

மே மாசம். நாக்பூர் மே மாசம்னா தெரியாதவங்களுக்குச் சொல்றேன், 45 டிகிரியெல்லாம் இங்க செய்தியே கிடையாது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டாம் நாள் செக்கப். அம்மாவுக்கு சர்க்கரை உண்டு, காலையில இன்சுலின் போட்டுக்கிட்டு ரெண்டு இட்லியோட கிளம்பினவங்க. டாக்டர் பார்த்து முடிக்க மணி ஒண்ணேகால். வெளியே வந்து கார் கைப்பிடியில கையை வெச்சா திறக்கலை. பட்டனை அமுக்கினா ஒரு சத்தமும் இல்லை. பிஸ்கட், தண்ணி, அம்மாவோட மாத்திரைப் பை எல்லாம் உள்ளே சீட்டு மேல சமத்தா உட்கார்ந்திருக்கு, கண்ணாடி வழியாத் தெரியுது. நாங்க வெளியே.

"ஏண்டா, சாவியைப் போட்டுத் திருகினா தெறக்காதா?"ன்னு அம்மா கேட்டாங்க.

"இதுல சாவியே கிடையாதும்மா, ரிமோட்தான்"னேன். எம்.டெக். படிச்சவன் மாதிரி.

பத்து நிமிஷத்துல அம்மாவுக்கு வேர்த்து, கை நடுங்க ஆரம்பிச்சுது. எதிர்ல ரஸ்வந்தின்னு சொல்ற கரும்புச்சாறுக் கடை இருந்ததால ஆச்சு. தங்கமணி ஓடிப்போய் வாங்கிட்டு வந்து குடிக்க வெச்சா. அதுக்குள்ள பார்க்கிங் டோக்கன் கொடுக்கிற பையன் வந்தான். மிஞ்சினா பதினெட்டு வயசு இருக்கும். என் கையில இருந்த ரிமோட்டை வாங்கி, பக்கவாட்டுல ஒரு சின்னக் கொக்கியைத் தள்ளி, உள்ளே இருந்து ஒரு இரும்புச் சாவியை உருவினான்! டிரைவர் பக்கக் கைப்பிடியில ஒரு ஓரமா இருந்த மூடியை நெம்பினா, அங்கே சாவித் துவாரம். கதவு திறந்துச்சு, அலாரம் ஊரைக் கூட்டுச்சு. எனக்குக் கை கால் ஓடலை. அவன் அசரவே இல்லை. "சாப், பிரேக் தபாவ், ரிமோட் பட்டன் பே லகாவ்"னான். பிரேக்கை மிதிச்சு, ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டன் மேல ஒட்டி வெச்சு அமுக்கினேன். வண்டி கிளம்புச்சு, அலாரமும் நின்னுச்சு.

அந்தப் பையனுக்குத் தெரிஞ்சது, பதினாலு லட்சம் கொடுத்து வண்டி வாங்கின எனக்குத் தெரியாது. ஷோரூம்ல சொல்லலை. டெலிவரி அன்னைக்கு மாலை போட்டாங்க, கேக் வெட்டச் சொன்னாங்க, போட்டோ எடுத்தாங்க, பெரிய அட்டையில சாவி மாதிரி செஞ்சு கையில கொடுத்தாங்க. நிஜச் சாவிக்குள்ள ஒரு சாவி இருக்குன்னு சொல்ல மட்டும் யாருக்கும் வாய் வரலை. மேனுவல்ல இருக்கு, அப்புறம் பார்த்தேன். தலைகாணி தண்டி புஸ்தகம். நான் படிக்கலைங்கிறது என் தப்புதான், ஒத்துக்கறேன்.

அடுத்த நாள் கம்பெனி சர்வீஸ் சென்டர். பேர் வேண்டாம். சர்வீஸ் அட்வைசர் ரிமோட்டை வாங்கிட்டு உள்ளே போய் கால் மணி நேரத்துல வந்தார். பேட்டரியை மீட்டர் வெச்சுப் பார்த்தாங்களாம், சரியா 3 வோல்ட் காட்டுதாம், அதனால ரிமோட் போச்சாம். "சாப், பூரா நயா லக்வானா படேகா." புது சாவி 14,500 ரூபாய். ரெண்டு சாவியையும் கொண்டுவந்து புரோகிராம் பண்ணணும். அதுக்கும் சரியாகலைன்னா வண்டிக்குள்ள இருக்கிற கன்ட்ரோல் மாட்யூலை மாத்தணும், அது 28,000 சொச்சம்.

"எதனால போச்சு?"ன்னு கேட்டேன்.

"எலக்ட்ரானிக்ஸ் ஹை சாப்"னார். விதி, கர்மான்னு சொல்றதுக்குப் பதிலா இப்ப இந்த வார்த்தை.

நான் கையெழுத்துப் போடலை. பி.காம். படிக்கும்போது எங்க வாத்தியார் ஒண்ணு சொல்லிக்கொடுத்தார். டிரயல் பேலன்ஸ் இடிச்சா, உடனே லெட்ஜரை முதல்லேர்ந்து போடாதே, முதல்ல வித்தியாசத்தைப் பாரு. வித்தியாசம் 9-ஆல வகுபட்டா எங்கேயோ ரெண்டு இலக்கத்தை இடம் மாத்தி எழுதியிருக்கே. 2-ஆல வகுபட்டா, அதுல பாதித் தொகையை எங்கேயோ பற்றுக்குப் பதிலா வரவுல போட்டிருக்கே. தப்பு தன் அடையாளத்தை விட்டுட்டுத்தான் போகும். சர்வீஸ் சென்டர்க்காரங்க வித்தியாசத்தைப் பார்க்கவே இல்லை. நேரா லெட்ஜரையே மாத்தச் சொல்றாங்க, அதுவும் என் காசுல.

அதனால ஒரு பழைய டைரியில சாவி ரெஜிஸ்டர் ஒண்ணு போட்டேன். தேதி, நேரம், இடம், எந்த சாவி, கைப்பிடியில தொட்டா திறந்துதா, பட்டனை அமுக்கினா திறந்துதா. தங்கமணி தலையில அடிச்சுக்கிட்டா. பரவாயில்லை, ரெண்டு வாரம் எழுதினேன்.

அதுக்கு முன்னால இந்த சாவி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா இதுல பெரிய மந்திரம் ஒண்ணும் இல்லை. நீங்க கைப்பிடியைத் தொட்டதும் கார் தன்னைச் சுத்தி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு ஒரு கூப்பாடு போடும். 125 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல, ரொம்பக் குறைஞ்ச அதிர்வெண். பாக்கெட்ல இருக்கிற சாவி அதைக் கேட்டு "இருக்கேன்"னு பதில் சொல்லும். அந்தப் பதில் 433 மெகாஹெர்ட்ஸ்ல போகும். பட்டனை அமுக்கினா கூப்பாடு கிடையாது, நேரா பதில் மட்டும். இந்த ரெண்டுக்கும் பேட்டரி வேணும். மூணாவதா ஒரு சின்ன சிப் இருக்கு, அதுக்கு பேட்டரியே வேண்டாம். ஸ்டார்ட் பட்டன் பக்கத்துல கொண்டுபோனா அங்கேர்ந்து வர்ற சக்தியிலேயே உயிர் வந்து அடையாளம் சொல்லும். பார்க்கிங் பையன் செஞ்சது அதுதான். அப்போ, ரிமோட் "டெட்"னா எந்தப் பாகம் டெட்னு முதல்ல கேக்கணுமா இல்லையா? வண்டி கிளம்பினதுலேயே சிப் உயிரோட இருக்குன்னு தெரிஞ்சு போச்சே.

ரெஜிஸ்டரைப் பார்த்தா வேடிக்கை. வீட்டுல ரெண்டாவது சாவி ஒரு தடவை கூடத் தகராறு பண்ணலை. முதல் சாவி வீட்டுலேயும் பாதி நாள் சரியில்லை, ஆனா கட்டை விரலால அழுத்தி அமுக்கினா திறக்குது, பாக்கெட்ல இருக்கும்போது கைப்பிடியைத் தொட்டாத்தான் திறக்க மாட்டேங்குது. பிராஞ்ச் பார்க்கிங்ல மட்டும் ரெண்டு சாவியுமே சொதப்புது, அதுவும் சாயங்காலத்துல. அதாவது கோளாறு ஒண்ணு இல்லை, ரெண்டு. ரெண்டு தப்பு சேர்ந்து ஒரே வித்தியாசமாத் தெரிஞ்சா ஆடிட்டருக்கே தலை சுத்தும். அதனாலதான் இது "சில சமயம் வேலை செய்யுது, சில சமயம் செய்யலை"ன்னு பேய் பிடிச்ச மாதிரி இருந்திருக்கு.

முதல் சாவியைத் திறந்தேன். இரும்புச் சாவியை உருவினா அந்த இடத்துலேயே ஒரு பிளவு, காசை வெச்சுத் திருப்பினா ரெண்டாப் பிரியுது. உள்ளே காசு மாதிரி பேட்டரி. சாவியோட பிளாஸ்டிக்ல "சி.ஆர். 2032"ன்னு அச்சடிச்சிருக்கு. பேட்டரியில என்ன போட்டிருக்கு தெரியுமா? "சி.ஆர். 2025".

இந்த எண்கள்ல ஒரு ரகசியமும் இல்லை. முதல் ரெண்டு இலக்கம் விட்டம், 20 மில்லிமீட்டர். அடுத்த ரெண்டு இலக்கம் தடிமன், 32-ன்னா 3.2 மில்லிமீட்டர், 25-ன்னா 2.5. ரெண்டுமே 3 வோல்ட்தான். மீட்டர் வெச்சா ரெண்டுமே 3-ன்னுதான் காட்டும். ஆனா 3.2 இருக்க வேண்டிய பள்ளத்துல 2.5-ஐ வெச்சா முக்கால் மில்லிமீட்டர்கிட்ட இடைவெளி, பேட்டரி உள்ளே லொடலொடன்னு ஆடும். தகடு சில சமயம் தொடும், சில சமயம் தொடாது. விரலால அழுத்தினா மேல் மூடி வளைஞ்சு தொடும். பாக்கெட்ல சும்மா இருந்தா தொடாது. ஆஸ்பத்திரி மருந்துக் கடையில பர்ஸை எடுக்கும்போது சாவி கீழே விழுந்துச்சு, அப்பவே ஒரேயடியா நகர்ந்துடுச்சுன்னு நினைக்கிறேன்.

இந்த பேட்டரியை யார் போட்டது? நான் போடலை. பழைய பில்லைத் தேடி எடுத்தேன். எட்டு மாசம் முன்னால இதே சர்வீஸ் சென்டர்ல பண்ணின சர்வீஸ், "ரிமோட் பேட்டரி, 350 ரூபாய்". அவங்களே தப்பான அளவுல போட்டு, அவங்களே மீட்டர் வெச்சுப் பார்த்து, அவங்களே சாவியைக் கொன்னு, அவங்களே 14,500-க்கு புதுசு விக்கப் பார்த்திருக்காங்க. சீதாபர்டியில ஒரு வாட்ச் கடையில 50 ரூபாய்க்கு 2032 வாங்கிப் போட்டேன். அன்னையிலேர்ந்து முதல் சாவி வீட்டுல ஒரு தடவை கூட மக்கர் பண்ணலை.

(வாங்கும்போது ஒண்ணு கவனிங்க. குழந்தைங்க முழுங்கிடாம இருக்க சில பிராண்டு பேட்டரிகள்ல கசப்புப் பூச்சு பூசறாங்க. ரொம்ப நல்ல விஷயம், ஏன்னா இந்த பேட்டரி தொண்டையில மாட்டினா உயிருக்கே ஆபத்து. ஆனா சில கருவிகள்ல அந்தப் பூச்சே தகட்டுல சரியாப் படாமத் தடுக்கும். புது பேட்டரி போட்டும் வேலை செய்யலைன்னா சாவியைத் திட்டறதுக்கு முன்னால வேற பிராண்டு போட்டுப் பாருங்க. பழசைக் குழந்தைங்க கைக்கு எட்டற குப்பையில போடாதீங்க.)

ரெண்டாவது கோளாறு பிராஞ்ச் பார்க்கிங். சாயங்காலம் மட்டும்னா சாயங்காலத்துல என்ன மாறுதுன்னு பார்த்தேன். பக்கத்துக் கடையில புதுசா ஒரு பெரிய எல்.இ.டி. போர்டு, ஆறு மணிக்குப் போடறார். அவர்கிட்டப் போய் ரெண்டு நிமிஷம் அணைக்கச் சொன்னேன். என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லி முடியாது, ஆனா அவர் அக்கவுன்ட் எங்க பிராஞ்சுலதான் :-) அணைச்சார், கார் திறந்துச்சு. போட்டார், திறக்கலை. மூணு தடவை செஞ்சு பார்த்தோம். மட்டமான எல்.இ.டி. டிரைவர், சார்ஜர் இதெல்லாம் கண்டபடி ரேடியோ இரைச்சல் கிளப்பும். சாவி சொல்ற பதில் அந்த இரைச்சல்ல காருக்குக் கேக்கலை. கடைசியா வண்டியைப் பத்தடி தள்ளி நிறுத்தினேன், தீர்ந்துது. இதுக்குத்தான் 28,000 ரூபாய் மாட்யூலை மாத்தியிருப்பாங்க, மாத்தின பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்கு அதே கதைதான் நடந்திருக்கும்.

இப்ப என் வழக்குக்கு வர்றேன். மெக்கானிக் மேல எனக்குக் கோவம் கிடையாது. பேட்டரி டப்பாவுல கையில கிடைச்சதைப் போட்டிருப்பான், அவனுக்கு ஒரு மணி நேரத்துல எத்தனை வண்டின்னு இலக்கு இருக்கும். என் கோவம், "பழுது பாக்கறது"ங்கிற வார்த்தையையே அகராதியிலேர்ந்து எடுத்துட்டு "மாத்தறது"ன்னு போட்டவங்க மேல. சாவியைத் திறந்து பார்க்கிறவனுக்கு அங்கே சம்பளம் இல்லை. மாத்தறவனுக்குத்தான் இருக்கு. சாவி வித்தா கமிஷன், பேட்டரி போட்டா என்ன கிடைக்கும்? இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கவுன்டர்ல ஃபிக்ஸட் டெபாசிட் போட வந்த பெரியவர் தலையில இன்சூரன்ஸ் பாலிசியைக் கட்டறதை நான் எங்க தொழில்லேயே பார்த்திருக்கேன். இலக்குக்காக நானும் ஒண்ணு ரெண்டு கட்டியிருக்கேன். அதனால அந்த அட்வைசர் முகத்தைப் பார்த்தப்போ எனக்கு அடையாளம் தெரிஞ்சுது.

வெளியில போய்ப் பண்ணிக்கலாம்னா, அங்கேதான் பூட்டு. புது சாவியை வண்டிக்கு அறிமுகப்படுத்த கம்பெனி மென்பொருளும் ரகசிய எண்ணும் வேணும். அது வண்டியை வாங்கின எனக்குக் கிடையாது, தெருமுனை மெக்கானிக்குக்கும் கிடையாது. கேட்டா "திருட்டுப் பயம் சார்"ங்கறாங்க. எனக்குச் சிரிப்பு வருது. 2011-லேயே ஸ்விட்சர்லாந்துல ஈ.டி.எச். ஜூரிச் ஆராய்ச்சியாளர்கள் 8 கம்பெனிகளோட 10 மாடல் கார்களை எடுத்து, வீட்டுக்குள்ள இருக்கிற சாவியோட சிக்னலைக் கடத்தி வந்து கதவைத் திறந்து வண்டியையும் கிளப்பிக் காட்டினாங்க. பத்துக்குப் பத்து. அப்படித் திருடறவனுக்கு எந்த ரகசிய எண்ணும் தேவைப்படலை. எண் இல்லாம அல்லாடறது சொந்தக்காரன் மட்டும்தான். அமெரிக்காவுல பின்னணி சோதிச்சுப் பதிவு பண்ணின பூட்டுக்காரங்களுக்கு கம்பெனிங்களே சாவிக் குறியீடுகளைக் கொடுக்க ஒரு ஏற்பாடு இருக்கு. யார் எப்ப எந்த வண்டிக்கு வாங்கினாங்கன்னு கணக்கும் இருக்கும். எங்க ஸ்ட்ராங் ரூம் ரெஜிஸ்டர் மாதிரிதான். பத்திரமா வெச்சுக்கறது வேற, உரிமையாளர்கிட்டேர்ந்தே ஒளிச்சு வெக்கிறது வேற.

இது என் ஒருத்தனோட புலம்பல்னு நினைக்காதீங்க. 2014 ஆகஸ்ட்ல நம்ம போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. உதிரி பாகத்தையும் சோதனைக் கருவிகளையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காமப் பண்ணி, வாடிக்கையாளரைத் தங்ககிட்டயே கட்டிப் போட்டாங்கங்கிறதுதான் குற்றச்சாட்டு. வெளி மெக்கானிக்குக்கும் கிடைக்கச் செய்யணும்னு உத்தரவும் போட்டுச்சு. கம்பெனிங்க மேல்முறையீடு, ஹைகோர்ட்னு போனாங்க. 2022 ஜூலையில மத்திய அரசு "பழுது பார்க்கும் உரிமை"க்குன்னு ஒரு குழு போட்டுச்சு. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம்னு நாலு துறை. அந்த டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. சந்தோஷம். ஆனா இணையதளத்துல கஸ்டமர் கேர் நம்பர் போட்டுட்டா உரிமை வந்துடாது. சாவியோட பேட்டரி எந்த அளவு, எப்படிப் பிரிக்கணும், ரகசிய எண்ணை எப்படி வாங்கறதுன்னு எழுதிக் கொடுக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தணும். டெலிவரி அன்னைக்கு கேக் வெட்டறதுக்கு முன்னால அஞ்சு நிமிஷம் உள் சாவியை உருவிக் காட்டணும். நான் கேக்கறது அவ்வளவுதான்.

நம்ம மேலேயும் தப்பிருக்கு. "கம்பெனி சர்வீஸ்"னு போர்டு இருந்தா படிச்சவனுக்கு ஒரு பக்தி வந்துடுது. ஏ.சி. ரூம், காபி மெஷின், கணினியில அடிச்ச எஸ்டிமேட். நாலு கையெழுத்து சரிபார்க்காம ஒரு செக்கைப் பாஸ் பண்ணாத நான், அங்கே ஒரு வரி கேள்வி கேக்காம எத்தனை பில்லுக்குப் பணம் கட்டியிருக்கேன்! அந்தப் பழைய ஃபைலைத் திறக்கவே இப்ப பயமா இருக்கு.

ரெஜிஸ்டர் நகல், பழைய பில், ரெண்டு பேட்டரியையும் பக்கத்துல வெச்சு எடுத்த போட்டோ எல்லாத்தையும் சேர்த்து சர்வீஸ் மேனேஜருக்குக் கடிதம் கொடுத்தேன். 350 ரூபாய் திரும்ப வேணும், தப்பை எழுத்துல ஒத்துக்கணும், "ரிமோட் டெட்"னு எழுதின எஸ்டிமேட்டை ரத்து பண்ணணும். பதினஞ்சு நாள் கெடு, அதுக்கப்புறம் நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915. பன்னிரண்டாம் நாள் கூப்பிட்டாங்க. மேனேஜர் எழுந்து நின்னு கை கொடுத்தார், காபி கொடுத்தார், 350 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார். எழுத்துல மட்டும் ஒண்ணும் தர முடியாதாம், மேலிடத்து உத்தரவாம். அதுக்குப் பதிலா ஒரு இலவச வாட்டர் வாஷ் கூப்பன். வேண்டாம்னு மேஜையிலேயே வெச்சுட்டு வந்தேன். டிரைவர் சீட்டுல உட்கார்ந்தா, அவங்க பையன் ஒருத்தன் ஓடி வந்து ஜன்னல் வழியா அதை உள்ளே போட்டுட்டுப் போனான். ஆறு மாசம் செல்லுமாம். டேஷ்போர்டுலதான் கிடக்கு. 1915-க்கு இன்னைக்குக் காலையிலதான் போன் பண்ணினேன், புகார் எண் கொடுத்திருக்காங்க.